வாக்குக் கேட்டுப் போனவர்களும் போகாதவர்களும்

ஓ.எல். வரலாறு படித்த எல்லாருக்கும் டொனமூர் என்ற பெயர் தெரியும். 1931, சர்வசன வாக்குரிமை, அரசாங்க சபை, ஏழு நிர்வாகக் குழுக்கள். இதைப் பாடமாக்கி எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆசியாவிலிருந்த பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் ஆணும் பெண்ணும் சமமாக வாக்குப் போட்ட முதல் நாடு இலங்கை என்று ஒரு பெருமையும் கூடவே வரும். ஆனால் அந்த வாக்குரிமையை யார் கேட்டது, யாருக்காகக் கேட்டது, யார் வேண்டாமென்றது என்று நாங்கள் படித்ததாக ஞாபகம் இல்லை. லண்டனில் இருந்து நாலு கனவான்கள் கப்பலில் வந்தார்கள், பார்த்தார்கள், தந்துவிட்டுப் போனார்கள் என்ற மாதிரித்தான் கதை மனதில் பதிந்திருக்கிறது.

இந்தக் கட்டுரையில் நாங்கள் பேச நினைப்பது கேட்டவர்களைப் பற்றி. அதைவிட முக்கியமாக, கேட்கப் போன கூட்டத்தில் இல்லாதவர்களைப் பற்றி.

1927 டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதந்தான் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்திருந்தது. நேரத்தைப் பார்த்தாலே விளங்கும், இது ஆணைக்குழுவைச் சந்திப்பதற்காகவே அவசரமாகக் கூட்டிய அமைப்பு. ஆனால் வெறுமையில் இருந்து முளைத்ததல்ல. 1904 இலேயே இலங்கைப் பெண்கள் சங்கம் இருந்தது. 1909 இல் கொழும்பில் தமிழ் மகளிர் சங்கம் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் 1923 இல் மங்களம்மாள் மாசிலாமணி ‘தமிழ் மகள்’ என்ற பத்திரிகையை நடத்தத் தொடங்கியிருந்தார். 1925 இல் இலங்கைத் தேசியக் காங்கிரஸ் கூட்டத்தில் பெண்களுக்கு வரையறுக்கப்பட்ட வாக்குரிமை வேண்டுமென்று பெண்களே தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஆகவே 1927 இல் கூடியவர்கள் முதன்முதலாக வாய் திறந்தவர்களல்ல. தனித்தனியாகச் சமயம், சங்கீதம், சுகாதாரம், தையல் என்று இயங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரேயொரு கோரிக்கைக்காக ஒன்றுசேர்ந்ததுதான் புதுசு.

யார் இவர்கள்? செயலாளராக இருந்தவர் அக்னஸ் த சில்வா. பறங்கியர் குடும்பத்தில் பிறந்து, கண்டியில் சிங்களச் சட்டத்தரணியான ஜோர்ஜ் ஈ. த சில்வாவை மணம் முடித்தவர். இன்னொருவர் டொக்டர் மேரி ரட்ணம். கனடாவில் பிறந்து, மருத்துவராக 1896 இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத் தமிழரான எஸ்.சீ.கே. ரட்ணத்தைக் கலியாணம் முடித்து, சாகும்வரை இங்கேயே இருந்தவர். தமிழ் மகளிர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரும் அவர்தான். பண்டாரநாயக்க குடும்பத்துச் சீமாட்டியும் இருந்தார், தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்கவின் மனைவியும் இருந்தார். தமிழ்ப் பெண்களில் நேசம் சரவணமுத்து இருந்தார், அவரைப் பற்றிப் பிறகு வரும். சிங்களவர், தமிழர், பறங்கியர் என்று இனத்தால் பார்த்தால் நல்ல கலவைதான். வகுப்பால் பார்த்தால் அப்படி இல்லை. பெரும்பாலும் பெரிய மனுசரின் மனைவிமார், மகள்மார். அன்றைய அரசியல் கூட்டங்களில் மேடையில் இருந்த ஆண்களின் பட்டியலை எடுத்து, பெயருக்கு முன்னால் ‘திருமதி’ போட்டால் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் பாதி வந்துவிடும்.

இதைச் சொல்லி அவர்களைக் கொச்சைப்படுத்துவது எங்கள் நோக்கமில்லை. அன்றைக்கு வாக்குரிமை இருந்த ஆண்களே இலங்கைச் சனத்தொகையில் ஏறக்குறைய 4 வீதம். படிப்போ சொத்தோ வருமானமோ இருந்தால்தான் வாக்கு. பிரித்தானியாவிலேயே 30 வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு 1928 ஜூலை வரைக்கும் வாக்கு இல்லை. அப்படியான காலத்தில், வீட்டுக்கு வெளியே கூட்டம் போட்டு, ஆணைக்குழுவுக்கு முன்னால் போய் நின்று பேசுவது சின்ன விசயமில்லை. வசதியான வீட்டுப் பெண் என்பதற்காகக் கேலி குறைந்துவிடுவதும் இல்லை.

சங்கம் கேட்டது எல்லாப் பெண்களுக்குமான வாக்குரிமையை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். படிப்பு, சொத்து என்ற தகுதியோடு கூடிய வரையறுக்கப்பட்ட உரிமையைத்தான் கேட்கப் போனார்கள். அதாவது, எங்கட ஆண்களுக்கு இருப்பது எங்களுக்கும் வேண்டும்.

ஆனால் ஆணைக்குழுவின் முன் நடந்த உரையாடலில் ஒரு இடம் வருகிறது. அக்னஸ் த சில்வா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தது இது. குமாரி ஜயவர்தனவின் எழுத்துகள் மூலம் பலருக்கும் தெரிய வந்தது. டொனமூர் பிரபு அவர்களிடம் கேட்கிறார், தோட்டங்களில் கூலிவேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்றா சொல்கிறீர்கள் என்று. கேள்வியின் தொனியை நாங்கள் ஊகிக்கலாம். இந்த இடத்தில் ஒரு சீமாட்டி கொஞ்சம் பின்வாங்குவார் என்று எதிர்பார்க்கிற கேள்வி அது. அக்னஸ் பின்வாங்கவில்லை. அவர்களும் பெண்கள்தான், எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் பதில் சொல்லிவிட்டார்.

கேட்கப் போனது குறைவு. கேள்வி வந்ததும் வாயில் வந்தது அதைவிடப் பெரிசு. எங்களுக்கு இந்த முழு வரலாற்றிலும் ஆகப் பிடித்த இடம் இதுதான். ஆகச் சங்கடமான இடமும் இதுதான்.

பிடித்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அன்றைய ஆண் தலைவர்களில் அப்படி ஒரு பதிலைச் சொல்லக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணலாம். சர்வசன வாக்குரிமை வேண்டுமென்று நின்றவர்கள் குணசிங்கவின் தொழிற்கட்சியைப் போன்ற சிலர்தான். தேசியக் காங்கிரஸின் பெரிய தலைகள் தயங்கினார்கள். படிக்காதவனுக்கு வாக்குக் கொடுத்தால் நாடு கெட்டுப்போகும் என்ற பயம் சிங்களத் தலைவர்களுக்கும் இருந்தது, தமிழ்த் தலைவர்களுக்கும் இருந்தது.

சங்கடம் என்னவென்றால், அந்த அறையில் ஒரு தோட்டத்துப் பெண்ணும் இல்லை.

1927 இல் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில். செக்ரோலில் பெயர் பதிந்து, கங்காணி காட்டிய மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு. கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு. பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கிய அதே 1927 இல்தான் தோட்டத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். தேயிலையின் உயிர்நாடி கொழுந்து. அதைப் பறிக்கிற கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. அந்தக் கைகளுக்குச் சட்டப்படியே குறைவு. ஆண் பெண் இருபாலாருக்கும் தோட்டத்தில் ஒரே நாட்சம்பளம் என்றாவதற்கு 1984 ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கணக்குப் பார்த்தால் 57 வருசம்.

வாக்குரிமைச் சங்கம் தோட்டத்துக்குப் போகவில்லை. போயிருக்கவும் முடியாது என்று யாராவது சொல்லலாம். துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைப்பதே அன்றைக்குக் குற்றம் மாதிரித்தான். சரி. ஆனால் அதே காலத்தில் தோட்டத்துச் சனங்களிடம் போன ஒரு பெண் இருந்தார். மீனாட்சியம்மாள் நடேசய்யர். கணவர் கோ. நடேசய்யர் நடத்திய ‘தேசபக்தன்’ பத்திரிகையில் பெண்களின் வாக்குரிமை பற்றித் தமிழில் எழுதினார். கூட்டங்களில் முதலில் மீனாட்சியம்மாள் பாடுவாராம். பாட்டுக்குச் சனம் கூடியதும் நடேசய்யர் பேசுவாராம். தொழிலாளர் படும் பாட்டைத் தானே பாட்டாகக் கட்டிச் சின்னப் புத்தகமாக அச்சிட்டும் வெளியிட்டார். ஆங்கிலத்தில் ஆணைக்குழுவிடம் பேசிய பெண்களும், தமிழில் தெருவில் பாடிய இந்தப் பெண்ணும் கேட்டது ஒரே உரிமையைத்தான். ஆனால் இரண்டு உலகமும் தொட்டுக்கொள்ளவில்லை. வாக்குரிமை வரலாறு என்று எழுதும்போது முதலாவது உலகந்தான் முன்பக்கத்தில் வரும். மீனாட்சியம்மாள் ‘மலையக இலக்கியத்தின் முன்னோடி’ என்ற தலைப்பின் கீழ் வேறொரு அலுமாரிக்குப் போய்விடுவார்.

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இந்தப் பகுதி கொஞ்சம் உறைக்கும்.

பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று உரத்துச் சொன்னவர்களில் முதலிடம் சேர் பொன். இராமநாதனுக்கு. பெண்களுக்கு மட்டுமல்ல, சாதியில் கீழே என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் வாக்குப் போவதை அவர் எதிர்த்தார். டொனமூர்த் திட்டத்துக்கு எதிராக ஒரு விண்ணப்பம் எழுதி, 1930 இல் வயோதிபத்தையும் பாராமல் லண்டன் வரை போனார். அந்த வருசமே இறந்தும் போனார். இதே இராமநாதன்தான் 1913 இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று கல்லூரி கட்டியவர். அவர் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில்தான் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிற்கிறது. பெண் படிக்கலாம், ஆனால் ஆளக் கூடாது. வீட்டுக்கு நல்ல மனைவியாக, பிள்ளைக்கு நல்ல சைவத் தாயாக ஆவதற்கான படிப்பு அது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முரண்பாடு மாதிரித் தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே சிந்தனைதான். பெண்ணின் இடம் எது என்று அவர் முடிவு செய்து வைத்திருந்தார், அந்த இடத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழித்தார்.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தை மறந்துவிட்டு இதை விளங்க முடியாது. 1929, 1930 இல் உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது பள்ளிக்கூடங்களே எரிக்கப்பட்டன. பக்கத்தில் இருப்பதற்கே அவ்வளவு என்றால், ஒரே பெட்டியில் ஒரே மதிப்பில் வாக்குப் போடுவதை எப்படி ஏற்றிருப்பார்கள்? ‘சர்வசன’ என்ற சொல்லுக்குள் பெண்ணும் இருந்தாள், ஒடுக்கப்பட்ட சாதி மனிதரும் இருந்தார். இரண்டுமே இருந்த பெண்ணும் இருந்தாள். அவளைப் பற்றி ஆணைக்குழுவிடம் யாரும் தனியாகக் கேள்விகூடக் கேட்கவில்லை.

சரி, பழமைவாதிகளை விடுவோம். முற்போக்காளர்கள்? யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்றால் இன்றைக்கும் எங்கள் மாதிரியான பெடியள் பெட்டையளுக்கு ஒரு மரியாதை. ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் கட்டிய அமைப்பு. சாதிக்கு எதிராக நின்றார்கள், தமிழ்மொழிக் கல்வி கேட்டார்கள், முழுச் சுயராச்சியம் கேட்டார்கள். டொனமூர்த் திட்டம் சுயராச்சியம் தரவில்லை என்பதற்காக 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். வட மாகாணத்தில் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை.

இந்தப் பகிஷ்கரிப்பைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள். கொள்கைப் பிடிப்பா, அரசியல் தவறா, ஜீ.ஜீ. பொன்னம்பலத்துக்கு வழிவிட்டதா என்று இன்றும் வாதம் ஓயவில்லை. ஆனால் அந்த வாதங்களில் அடிபடாத ஒரு விசயம் இருக்கிறது. 1931 ஜூனில் நாட்டின் மற்றப் பகுதிப் பெண்கள் முதல்முறை வாக்குச்சாவடிக்குப் போனபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பெண்கள் போகவில்லை. போக ஒரு தேர்தலே அங்கு நடக்கவில்லை. 1934 இல் இடைத்தேர்தல்கள் வரும்வரை காத்திருந்தார்கள். ‘இலங்கைப் பெண்கள் 1931 இல் வாக்களித்தார்கள்’ என்ற பாடப்புத்தக வரி எங்கட பூட்டிமாருக்குப் பொருந்தாது.

இதில் இன்னொரு வினோதமும் உண்டு. 1931 இல் வாலிபர் காங்கிரஸ் மாநாட்டுக்கு இந்தியாவில் இருந்து வந்த விருந்தினர் கமலாதேவி சட்டோபாத்யாய. 1926 இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தலில் நின்ற பெண் அவர். பெண்கள் தேர்தலில் நிற்கலாம் என்பதையே நின்று காட்டியவரை மேடையில் ஏற்றிவிட்டு, அந்த ஊர்ப் பெண்களின் முதல் வாக்கை ஒத்திப்போட்டார்கள். வாலிபர் காங்கிரஸ்காரர் பெண்களுக்கு எதிரானவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்களுடைய கணக்கில் தேசத்தின் விடுதலை பெரிது, அதற்குள் பெண்ணின் வாக்கு ஒரு தனி விசயமாக எழவேயில்லை. முதலில் இது, பிறகு அது என்ற அந்த வரிசை தமிழ் அரசியலில் எத்தனை தடவை திரும்பி வந்திருக்கிறது என்பது வாசகருக்குத் தெரியும்.

1928 ஜூலையில் வெளியான டொனமூர் அறிக்கை முதலில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்கைப் பரிந்துரைத்தது. பிறகு அது ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 என்றானது. 1929 டிசம்பரில் சட்டநிரூபண சபையில் திட்டம் 19 க்கு 17 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது. 2 இலட்சத்து சொச்சமாக இருந்த வாக்காளர் தொகை 15 இலட்சத்தைத் தாண்டியது.

தோட்டத் தொழிலாளர் விசயத்தில் மட்டும் கதவு முழுசாகத் திறக்கவில்லை. அவர்களுக்கும் வாக்கு என்றதும் சிங்களத் தலைவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதற்குப் பணிந்து, நிரந்தரமாக இங்கே குடியிருப்பவர் என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் படிப்பு, சொத்துத் தகுதி வேண்டும் என்று நிபந்தனைகள் வந்தன. 1931 இல் வாக்காளராகப் பதிவான இந்திய வம்சாவளியினர் சுமார் 1 இலட்சம் பேர்தான். அதற்குள்ளும் பெண்கள் இருந்தார்கள்.

அந்த 1931 நவம்பரில் அட்லின் மொலமுரே, இறந்துபோன தகப்பனின் ருவன்வெல்லத் தொகுதியில் இடைத்தேர்தலில் வென்று முதல் பெண் உறுப்பினரானார். அடுத்த வருசம் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து. கணவர் டொக்டர் சரவணமுத்து தேர்தல் வழக்கில் பதவி இழக்க, அந்த இடத்துக்கு இவர் நின்று வென்றார். தமிழ்ப் பெண், பெரும்பாலும் தமிழரல்லாத தொகுதியில். 1934, 35 மலேரியாக் காலத்தில் நிவாரண வேலையில் இறங்கி நின்றார். 1936 இல் மறுபடியும் வென்று, 1941 இல் இறக்கும்வரை சபையில் இருந்தார். அவரைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல வாழ்க்கை வரலாறு இருந்தால் எவ்வளவு நல்லாயிருக்கும். வாக்குரிமைச் சங்கத்தில் இருந்து சபை வரைக்கும் போன பெண் அவர். இருந்தாலும் அப்பா, கணவர் என்று ஒரு ஆண் காலி செய்த கதிரையில்தான் முதலிரண்டு பெண்களும் போய் இருந்தார்கள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

வாக்குக் கிடைத்ததோடு சங்கத்தின் வேகம் குறைந்தது. ஒரேயொரு கோரிக்கைக்காகக் கட்டிய கூட்டுக்கு நடப்பது அதுதான். மேரி ரட்ணம் கிராமத்துப் பெண்களுக்கான லங்கா மகிளா சமித்தியில் இறங்கினார். வேறு சிலர் சமூகசேவைக்குப் போனார்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் இடதுசாரிப் பெண்கள் எக்சத் காந்தா பெரமுன என்ற ஐக்கியப் பெண்கள் முன்னணியைக் கட்டினார்கள். டொரீன் விக்கிரமசிங்க, விவியன் குணவர்தன, பரமேஸ்வரி கந்தையா போன்றவர்கள் அதில் இருந்தார்கள். 1927 சங்கம் தொடாத உழைக்கும் பெண்களின் பிரச்சினையை இவர்கள் தொட்டார்கள். ஆனால் ஆண்கள் நடத்திய கட்சிகளுக்கிடையிலான சண்டை இந்த முன்னணிக்குள்ளும் வந்தது. நெடுநாள் நிலைக்கவில்லை.

பிறகு 1948. அந்த ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். அதற்கு அடுத்த வருசம் இந்திய பாகிஸ்தானியர் சட்டமும், தேர்தல் சட்டத் திருத்தமும். 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழர் நாடற்றவர்களாகி, வாக்குரிமையையும் இழந்தார்கள். 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸின் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய வாக்குகள் அவை. இடதுசாரிகள் எதிர்த்தார்கள். தமிழ்க் காங்கிரஸ் அரசாங்கத்தில் சேர்ந்தது. அதில் இருந்து பிரிந்து தமிழரசுக் கட்சி பிறந்த கதை நாங்கள் நன்றாகப் படித்த கதை.

நன்றாகப் படிக்காத கதை அந்தச் சட்டத்தின் உள்ளே இருக்கிறது. 1948 சட்டத்தின்படி ஒருவர் பரம்பரையால் இலங்கைப் பிரசை என்று நிறுவ வேண்டுமானால், தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவில்லை. முறைப்படி திருமணமாகாமல் பிறந்த பிள்ளைக்கு மட்டும் தாய் கணக்கில் வருவாள். லயத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, அதே மலையில் கொழுந்து பறித்த ஒரு தாய் தன்னுடைய பிள்ளைக்கு நாட்டைக் கொடுக்க முடியாது. ஒரு சிங்களத் தாயாலும் முடியாது, ஒரு யாழ்ப்பாணத் தாயாலும் முடியாது. மலையகத்தவரை வெளியே தள்ள எழுதிய சட்டத்தின் எலும்பே ஆண்வழி என்பதால்தான் ஆனது.

இந்த இடத்தில் எல்லாப் பெண்களும் ஒன்றுசேர்ந்து நிற்க ஒரு காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஒரு இனத்தின் பிரச்சினையாக மட்டும் பார்க்கப்பட்டதால் அந்தக் காரணம் கவனத்துக்கு வரவில்லை. வாக்குரிமைச் சங்கம் அந்த நேரம் இயங்கியிருந்தால் என்ன செய்திருக்கும் என்று ஊகிப்பதில் பிரயோசனமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். தோட்டத்துப் பெண்ணின் வாக்கு 1928 இல் வேறொருவரின் வாயால், ஒரு கேள்விக்குப் பதிலாக வந்தது. அவளையும் உள்ளே எடுத்துக் கட்டிய அமைப்பின் பலத்தால் வரவில்லை. ஆகவே எடுக்கும்போது தடுக்கவும் அப்படி ஒரு அமைப்பு இல்லை. அக்னஸின் பதிலை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தப் பதிலோடு யாராவது பஸ் ஏறி ஹற்றனுக்குப் போயிருக்கலாம் என்றுதான் சொல்கிறோம்.

தாய்வழியிலும் பிரசாவுரிமை கிடைக்கும் என்ற திருத்தம் 2003 இல் வந்தது. நாடற்றவர்களாக எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை கொடுக்கும் சட்டமும் அதே 2003 இல் வந்தது. முதலாவது 16 ஆம் இலக்கம், இரண்டாவது 35 ஆம் இலக்கம். 1948 இல் ஒரே சட்டத்துக்குள் பின்னிக்கிடந்த இரண்டு அநீதிகளும், 55 வருசம் கழித்து ஒரே ஆண்டில், இரண்டு தனித்தனிச் சட்டங்களாக அவிழ்ந்தன. முதலாவதைப் பெண்கள் அமைப்புகளின் வெற்றி என்கிறோம், இரண்டாவதை மலையக அரசியலின் வெற்றி என்கிறோம். இரண்டு பட்டியலிலும் ஒரே பெண் இருக்கிறாள்.

இடைப்பட்ட காலத்தில் ஒன்றுசேர்தல் நடக்காமல் இல்லை. 1978 இல் இருந்து ‘பெண்ணின் குரல்’ மூன்று மொழியிலும் குரல் கொடுத்தது. 1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி கச்சேரி வரை ஊர்வலம் போனது. 1986 இல் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுதியைக் கொண்டுவந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை வேண்டும், இங்கே ஓட்டமாகச் சொல்ல மனமில்லை. உள்ளூராட்சியில் 25 வீத ஒதுக்கீடு வேண்டுமென்று பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகள் மாறி மாறி வந்த அரசுகளிடம் கேட்டன. 2018 பெப்ரவரித் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 வீதமளவில்தான் இருந்தார்கள்.

டொனமூர் பிரபுவின் கேள்வி மட்டும் ஆளை மாற்றி மாற்றி வந்துகொண்டிருக்கிறது. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று முஸ்லிம் பெண்கள் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் பெண் காதியாக வர முடியாது, மணப்பெண்ணின் கையொப்பம் தேவையில்லை. 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூபின் தலைமையில் குழு அமைத்தார்கள், அறிக்கை வர 2018 ஆனது. அது அவர்களுடைய சமூகத்தின் உள்விசயம் என்று சொல்லித் தள்ளி நிற்கும் தமிழ்ப் பெண்களையும் சிங்களப் பெண்களையும் நாங்கள் எங்கள் வட்டத்திலேயே பார்க்கிறோம். மறுபக்கத்தில், அந்தப் பெண்களின் குறையை முஸ்லிம்களைத் திட்டுவதற்கு ஒரு கம்பாக எடுக்கிறவர்களையும் பார்க்கிறோம். முதலாவது கூட்டம் அவர்களை அறைக்குள் எடுப்பதில்லை. இரண்டாவது கூட்டம் அவர்களைக் கேட்காமலே அவர்கள் பெயரில் பேசுகிறது. எங்கள் பீடத்தில் மகளிர் தினத்துக்கு அறிக்கை எழுதும்போதும் இதுதான் நடக்கிறது. ‘பெண்களாகிய நாம்’ என்று முதல் வரியை எழுதிவிட்டு, மலையகத்தில் இருந்து படிக்க வந்த பிள்ளைகளிடம் கடைசியில் கையொப்பம் மட்டும் வாங்குகிறோம்.

2024 நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் நுவரெலியாவில் இருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும், பதுளையில் இருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் அந்தச் சபைக்குள் போனது அதுதான் முதல் தடவை. அவர்களுடைய கட்சியைப் பற்றி எங்களுக்குள் ஆளுக்கொரு கருத்து. இருவரும் தகப்பனோ கணவரோ விட்டுப்போன கதிரைக்குப் போகவில்லை.

அந்தத் தேர்தல் நேரத்தில் தோட்டங்களில் பேச்சு நாட்சம்பளம் 1,700 ரூபாயைப் பற்றியதாக இருந்தது. காணி உரிமை பற்றியதாகவும் இருந்தது. லயத்துக் காம்பராவின் பத்திரம் யார் பெயரில் வரும், புருசன் பெயரிலா, பெண்சாதி பெயரிலா, இருவர் பெயரிலுமா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. இந்தத் தடவை அதைக் கேட்பதற்கு யாராவது லண்டனில் இருந்து வரப்போவதில்லை.